கர்ப்பப்பை இறக்கம்: அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் இருக்கிறீர்களா?

கேள்வி, 2023 ஆகஸ்ட் 6

எனக்கு வயது 47. மூன்று பிள்ளைகள், மூன்றும் சுகப்பிரசவம். ஒரு வருடமாகக் கீழே உருண்டையாக ஏதோ இறங்கி வருவது போல இருக்கிறது. மாலையில் அதிகம், படுத்தால் தெரிவதில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு, கர்ப்பப்பை இறக்கம் இரண்டாம் நிலை, சிறுநீர்ப்பையும் சேர்ந்து இறங்கியிருக்கிறது, எடுத்துவிடலாம் என்றார். வீட்டிலும் அதையே சொல்கிறார்கள். "பிள்ளை பெற்று முடித்தாயிற்று, இனி அது எதற்கு?" என்கிறார் மாமியார். எனக்கு மனம் ஒப்பவில்லை. அறுவை சிகிச்சை செய்துகொள்ளாமல் இருப்பவர்கள் யாராவது சொல்லுங்கள். வேண்டாம் என்றால் என்ன ஆகும்?

2023 ஆகஸ்ட் 6, இரவு

நான் இருக்கிறேன். வயது 58. சத்துணவு அமைப்பாளர் வேலை. உங்களுக்குச் சொன்ன அதே இரண்டாம் நிலை, அதே சிறுநீர்ப்பை. வேண்டாம் என்று சொல்லிச் சில வருடங்கள் ஆகிவிட்டன. இறங்கி வருவதைத் தாங்க யோனிக்குள் வைக்கும் வளையம், அதாவது ரிங் வைத்திருக்கிறேன், இடுப்படித் தசைகளுக்குப் பயிற்சி செய்கிறேன், வேலைக்குப் போகிறேன்.

முதலில் போன தனியார் மருத்துவமனையில், பரிசோதனைப் படுக்கையிலிருந்து இறங்கிப் புடவையைச் சரிசெய்வதற்குள் தேதி குறித்துவிட்டார்கள். வேறு வழி உண்டா என்று கேட்டேன். "வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்? நாளைக்குப் புற்றுநோய் வந்தால்?" என்றார்கள். அந்தப் பேச்சு என் கணவரையும் மகளையும் நடுங்க வைத்துவிட்டது. பிறகு வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் பரிசோதித்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: "இதனால் உங்களால் எதைச் செய்ய முடியவில்லை?"

யோசித்தேன். மாலையில் கனக்கிறது. சிறுநீர் கழித்த பிறகும் மிச்சம் இருப்பது போல இருக்கிறது. கோயில் வரிசையில் அதிக நேரம் நிற்க முடியவில்லை. அவ்வளவுதான். "அப்படியானால் அவசரம் ஒன்றும் இல்லை, முதலில் ரிங் வைத்துப் பார்ப்போம்" என்றார்.

நீங்கள் கேட்டதற்கு நேர் பதில்: இரண்டாம் நிலையில் வேண்டாம் என்று சொன்னால் உடனே எதுவும் ஆகிவிடாது. தொந்தரவு எவ்வளவு என்பதை வைத்துத்தான் இதற்குச் சிகிச்சை. யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. அந்த நேரத்தை யாரும் உங்களிடமிருந்து பறிக்க விடாதீர்கள்.

2023 ஆகஸ்ட் 7

நேற்று அவசரமாக எழுதினேன். நிலை என்றால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

யோனி வாயிலை அடையாளமாக வைத்துக்கொண்டு, முக்கச் சொல்லி, எது எவ்வளவு தூரம் இறங்கி வருகிறது என்று சென்டிமீட்டரில் அளப்பார்கள். 1996 முதல் உலகம் முழுக்க இந்த அளவு முறை இருக்கிறது. பூஜ்யம் முதல் நான்கு வரை. இறங்கியதன் நுனி வாயிலுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே தொடங்கி ஒரு சென்டிமீட்டர் வெளியே வரை இருந்தால் இரண்டாம் நிலை. முழுவதும் வெளியே வந்துவிட்டால் நான்கு. யோனியின் முன்சுவர் தளர்ந்தால் சிறுநீர்ப்பை இறங்கும், பின்சுவர் தளர்ந்தால் மலக்குடல் புடைக்கும், நடுவில் கர்ப்பப்பை. பலருக்கு ஒன்றுக்கு மேல் சேர்ந்தே இருக்கும்.

எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 50 முதல் 79 வயது வரையான பல்லாயிரம் பெண்களைப் பரிசோதித்த பெரிய ஆய்வில், கர்ப்பப்பை உள்ளவர்களில் சுமார் 41 சதவீதம் பேருக்கு ஏதோ ஓர் அளவில் இறக்கம் இருந்தது. அத்தனை பேரும் தொந்தரவோடு இருந்தார்கள் என்று நினைக்காதீர்கள். வாயில் வரை வராத இறக்கம் பெரும்பாலும் தெரிவதே இல்லை. இன்னொன்றையும் யாரும் சொல்வதில்லை. இறக்கம் வருடா வருடம் கீழே போய்க்கொண்டே இருக்கும் என்று எந்த விதியும் கிடையாது. சிலருக்கு அதிகமாகும், சிலருக்கு அப்படியே நிற்கும், சிறிய அளவில் இருப்பது சிலருக்குக் குறைந்தும் போகும்.

உங்கள் மாமியாரின் கேள்விக்கும் பதில் இருக்கிறது. தொட்டில் கயிறு தளர்ந்தால் தொட்டில் கீழே வரும். தொட்டிலைக் கழற்றி எறிந்தால் கயிறு இறுகிவிடாது. கர்ப்பப்பையைத் தாங்கும் தசையும் தசைநாரும்தான் தளர்ந்திருக்கின்றன. கர்ப்பப்பையை எடுத்துவிட்டு அந்தத் தாங்கலைச் சரியாகத் தைத்துக் கட்டாவிட்டால், பிறகு யோனியின் மேல்பகுதியே இறங்கி வரும். அப்படி இறங்கி மறுபடி மருத்துவமனைக்கு அலைந்தவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்.

2023 ஆகஸ்ட் 7, மாலை

புற்றுநோய் பயத்தைத் தனியாகவே எழுதிவிடுகிறேன். இறக்கம் புற்றுநோயாக மாறாது. ஆனால் மாதவிலக்கு நின்ற பிறகு ஒரு சொட்டு இரத்தம் பட்டாலும் பரிசோதிக்க வேண்டும், இறக்கம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையையும் விடக்கூடாது. இந்த இரண்டையும் செய்கிற பெண்ணைப் புற்றுநோயைக் காட்டி மிரட்டுவது அநியாயம். எனக்கு இன்றும் அதை நினைத்தால் கோபம் வருகிறது.

2023 ஆகஸ்ட் 13

ரிங் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். பெசரி என்று மருத்துவர்கள் சொல்வார்கள். சிலிகானில் செய்த மெத்தென்ற வளையம், பி.வி.சி.யிலும் வருகிறது. மில்லிமீட்டர் கணக்கில் பல அளவுகள் உண்டு. மடக்கி உள்ளே வைத்தால் விரிந்து, இறங்கி வருவதைத் தாங்கிக்கொள்ளும். வளையம் நிற்காதவர்களுக்குக் காம்பு வைத்தது, கனசதுர வடிவம் என்று வேறு வகைகளும் உண்டு.

சரியான அளவு அமைந்தால் உள்ளே இருப்பதே தெரியக்கூடாது. வளையத்துக்கும் யோனிச் சுவருக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். வைத்த உடனே வீட்டுக்கு அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அங்கேயே நடக்க வேண்டும், குந்தி உட்கார வேண்டும், இருமிப் பார்க்க வேண்டும், சிறுநீர் கழித்துப் பார்க்க வேண்டும். சிறுநீர் வரவில்லை என்றால் அளவு பெரிது. குந்தும்போது நழுவினால் அளவு சிறிது. எனக்கு முதலில் வைத்தது வீட்டுக் கழிப்பறையில் நழுவி விழுந்தது. அடுத்த அளவு நின்றது.

மாதவிலக்கு நின்றவர்களுக்கு யோனித் தோல் மெலிந்திருக்கும். அதனால் ஈஸ்ட்ரோஜன் களிம்பு சேர்த்துத் தருவார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். கொஞ்சம் வெள்ளைப்படுதல் அதிகமாகலாம். நாற்றமோ இரத்தமோ இருந்தால் உடனே போக வேண்டும்.

இதையும் சொல்லாமல் விடக்கூடாது: ரிங்கை வைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. வருடக்கணக்கில் கவனிக்காமல் விட்ட ரிங் சுவரை அரித்துச் சிறுநீர்ப்பைக்குள்ளோ மலக்குடலுக்குள்ளோ ஓட்டை போட்டுவிடும். வயதான அம்மாவுக்கு வைக்கிறீர்கள் என்றால், அடுத்த பரிசோதனைத் தேதியைக் காலண்டரில் நீங்கள் எழுதி வையுங்கள்.

2023 ஆகஸ்ட் 14

கணவனோடு இருக்க முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்ட தங்கைக்கு: முடியும். வளையம் உள்ளே இருக்கும்போதே பலருக்கு எந்தச் சிரமமும் இல்லை. கழற்றி வைக்கவும் செய்யலாம். காம்பு வைத்ததும் கனசதுரமும் அப்படி இல்லை, கழற்றியே ஆக வேண்டும். இதை மருத்துவரிடம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு அறுவை சிகிச்சைக்கு ஒப்புக்கொண்ட பெண்ணை எனக்குத் தெரியும். அதனால்தான் வெளிப்படையாக எழுதுகிறேன்.

2023 ஆகஸ்ட் 27

"பயிற்சி செய்தால் முழுவதும் மேலே ஏறிவிடும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஏறாது. வெளியே வந்துவிட்ட மூன்றாம், நான்காம் நிலைக்காரர்கள் அதை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பயிற்சி தருவது வேறு: கனமும் இழுப்பும் குறையும், சிறுநீர்க் கசிவு குறையும், நாள் முழுக்க நிற்கிற தெம்பு வரும்.

அமெரிக்க மருத்துவர் ஆர்னால்ட் கெகல் 1948இல் எழுதிய கட்டுரையால் இந்தப் பயிற்சிக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. 2014இல் பிரிட்டன், நியூசிலாந்து, ஆஸ்திரேலியா மூன்று நாடுகளிலும் 447 பெண்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. ஒரு பாதிப் பேருக்கு பிசியோதெரபிஸ்ட் நேரில் உட்கார்ந்து தனித்தனியாகப் பயிற்சி கற்றுத்தந்தார். மறு பாதிக்குத் துண்டுப் பிரசுரம் மட்டும். ஒரு வருடம் கழித்து, கற்றுக்கொண்டவர்களுக்குத் தொந்தரவு தெளிவாகக் குறைந்திருந்தது. பிரிட்டனின் 2019 வழிகாட்டுதல், முதல் இரண்டு நிலைகளில் தொந்தரவு உள்ளவர்களுக்குக் குறைந்தது 16 வாரம் இப்படிக் கண்காணித்த பயிற்சியை முதல் வழியாக யோசிக்கச் சொல்கிறது. நம் ஊரில் எத்தனை பேரிடம் இதைச் சொல்கிறார்கள்? "கீழே இறுக்கிப் பிடியுங்கள்" என்று கதவருகே நின்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள்.

கற்றுத்தந்த பிசியோதெரபிஸ்ட் எனக்குச் சொன்னது: வாயுவையும் சிறுநீரையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே இழுத்து மேலே தூக்க வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது, பிட்டத்தை இறுக்கக் கூடாது, வயிற்றைக் கீழே தள்ளவே கூடாது. பத்து விநாடி வரை பிடித்துப் பிறகு முழுவதும் தளர விட வேண்டும். தளர விடுவதும் பயிற்சியில் பாதி. சிறுநீர் கழிக்கும்போது நடுவில் நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், பை முழுவதும் காலியாகாமல் போகும். இருமல், தும்மல், குடம் தூக்குவது எதுவானாலும் அதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்கிக்கொள்ளுங்கள். இது பழகிவிட்டால் தானாக வரும். எனக்கு வந்துவிட்டது.

2023 ஆகஸ்ட் 27, இன்னும் கொஞ்சம்

மலச்சிக்கல். இதை எழுதாமல் பயிற்சியைப் பற்றி எழுதிப் பயனில்லை. தினமும் முக்கினால் பயிற்சியில் கிடைத்ததெல்லாம் போய்விடும். தண்ணீர், கீரை, கொய்யா, இரவில் இசப்கோல். மேல்நாட்டுக் கழிப்பறை என்றால் காலடியில் சிறு மணை போட்டு முழங்காலை உயர்த்திக்கொள்ளுங்கள். பின்சுவர் புடைத்தவர்கள் சிலர் யோனிக்குள் விரலால் பின்பக்கம் அழுத்தித்தான் மலம் கழிக்க முடிகிறது. அது அசிங்கமும் இல்லை, அபூர்வமும் இல்லை. மருத்துவரிடம் அதைச் சொன்னால்தான் அவருக்கு எந்தச் சுவர் தளர்ந்தது என்று புரியும்.

நாள்பட்ட இருமலும் அப்படித்தான். ஆஸ்துமாவுக்கு மருந்து எடுக்காமல் இறக்கத்துக்கு மருந்து தேட முடியாது.

2023 அக்டோபர் 15

சிரசாசனம் செய்தால் சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி புதிதில்லை. கிரேக்கத்தில் ஹிப்பாக்கிரட்டீஸ் காலத்து வைத்தியர்கள், இறக்கம் வந்த பெண்ணை ஏணியில் தலைகீழாகக் கட்டிக் குலுக்கியிருக்கிறார்கள். பாதி மாதுளையை உள்ளே வைத்துத் தாங்கல் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஏணியில் தொங்கியவளை நினைத்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. மாதுளையின் வாரிசுதான் இன்றைய ரிங். தலைகீழாக இருக்கும் நேரத்தில் கனம் குறையும், எழுந்ததும் திரும்பும். படுத்தாலே அது குறைகிறது, கழுத்தை ஏன் ஆபத்தில் மாட்ட வேண்டும்?

மாதுளைக் கதையை எங்கள் பள்ளிச் சமையலர் அக்காவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். "எங்கள் ஆத்தா பழந்துணியை உருட்டி வைத்துக்கொண்டு நாற்று நட்டாள்" என்றார். பிறகு இருவருமே சிரிக்கவில்லை. அந்த ஆத்தா அதோடு முப்பது வருடம் வயலில் குனிந்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை.

2023 நவம்பர் 19

அந்த ஆத்தா மனதை விட்டுப் போகவில்லை.

அறுவை சிகிச்சை வேண்டுமா வேண்டாமா என்று நாம் பேசுகிறோம். அதற்கு முன்னால் ஒன்று இருக்கிறது: இது ஏன் வந்தது? நேபாளத்தில் மலைக்கிராமங்களில் பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே பெண்கள் விறகும் தண்ணீரும் சுமக்கிறார்கள். இளம் வயதிலேயே இறங்கிவிடுகிறது. 2008இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் இதைப் பெண்ணின் இனப்பெருக்க உரிமைப் பிரச்சினை என்று தீர்ப்பளித்தது. அதன் பிறகு அரசு முகாம் போட்டு அறுவை சிகிச்சைகள் செய்தது. சுமையைக் குறைப்பதற்கு, பிரசவத்துக்குப் பின் ஓய்வு கிடைப்பதற்கு என்ன செய்தீர்கள் என்று அங்குள்ள பெண்களுக்காகப் பேசுகிறவர்கள் கேட்டார்கள். நம் ஊரிலும் கேட்க வேண்டிய கேள்வி.

நம்மிடம் பச்சை உடம்பு என்று ஒரு பேச்சு இருக்கிறது. பச்சை உடம்புக்காரி குனியக் கூடாது, தூக்கக் கூடாது என்று பாட்டிகள் சொன்னது வீண் இல்லை. ஆனால் அந்த ஓய்வு யாருக்குக் கிடைத்தது? வீட்டில் ஆள் இருந்தவளுக்குக் கிடைத்தது. எனக்கு இரண்டாவது பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. வயிற்றுக்கட்டைப் பற்றி ஒருவர் கேட்டார். என் பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி, மூச்சுவிடச் சிரமப்படும் அளவுக்கு இறுக்கிக் கட்டினால் அழுத்தம் முழுவதும் கீழேதான் போகும். தளர்வாகக் கட்டுவதில் பிரச்சினை இல்லை.

எங்கள் மையத்தில் சாத அண்டாவை இப்போது இரண்டு பேர் சேர்ந்துதான் இறக்குகிறோம். சமையலர் அக்காவுக்கும் அதையே கட்டாயமாக்கிவிட்டேன். அரிசி மூட்டையை அறையின் மறுகோடிக்கு யாரும் இழுப்பதில்லை. அங்கேயே பிரித்து அளந்து எடுக்கிறோம். தூக்கியே ஆக வேண்டுமென்றால் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே, உடலோடு ஒட்டித் தூக்குங்கள்.

2024 ஜனவரி 7

இரண்டு வாரமாக நல்ல மனநிலையில் இல்லை. உள்ளாடையில் இரத்தம் பட்டது. ரிங் உரசிப் புண். மருத்துவர் முதலில் ஸ்கேன் எடுத்துக் கர்ப்பப்பையின் உட்சுவரைப் பார்த்து, அதில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு ரிங்கைக் கழற்றி வைத்துவிட்டுக் களிம்பு மட்டும் தந்திருக்கிறார். ரிங் இல்லாமல் மாலைகள் கனக்கின்றன. மகள், "அம்மா, இன்னும் எதற்கு இதோடு போராட வேண்டும்?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்கு நேரமாயிற்று.

இந்தச் சமயத்தில்தான் நெதர்லாந்தின் ஆய்வை முழுவதும் படித்தேன். 2022இல் வந்தது. 440 பெண்கள், ஒரு பிரிவுக்கு ரிங், ஒரு பிரிவுக்கு அறுவை சிகிச்சை. இரண்டு வருடம் கழித்து முன்னேற்றம் என்று சொன்னவர்கள் ரிங் பிரிவில் 76.3 சதவீதம், அறுவை சிகிச்சைப் பிரிவில் 81.5 சதவீதம். ரிங் அறுவை சிகிச்சைக்குக் குறைந்ததில்லை என்று அந்த ஆய்வால் நிறுவ முடியவில்லை. அதோடு, ரிங்கில் தொடங்கியவர்களில் பாதிக்கு மேல் அந்த இரண்டு வருடத்துக்குள் அறுவை சிகிச்சைக்குப் போய்விட்டார்கள். அவர்கள் அறுவை சிகிச்சையால் அடைந்த முன்னேற்றமும் ரிங் பிரிவின் கணக்கில்தான் சேர்ந்திருக்கிறது. ரிங்கை ஆதரித்து இத்தனை எழுதிய நான் இதை எழுதாமல் இருந்தால் நேர்மை இல்லை.

இதை எப்படி எடுத்துக்கொள்வது? கிட்டத்தட்ட பாதிப் பேர் கத்தி படாமல் இருந்தார்கள் என்பதும் அதே ஆய்வுதான் சொல்கிறது. எனக்கு ரிங் ஒத்துக்கொண்ட காலம் முழுவதும் என் லாபம். நாளை ஒத்துக்கொள்ளாவிட்டால் நான் தோற்றவள் ஆகமாட்டேன்.

2024 ஜனவரி 28

புண் ஆறிவிட்டது. ரிங் திரும்ப வைத்தாயிற்று. இந்த முறை நானே கழற்றிக் கழுவி வைக்கக் கற்றுக்கொண்டேன். செவிலியர் ஒருவர் பொறுமையாகச் சொல்லித்தந்தார்: ஒரு காலை மணைமேல் வைத்துக்கொண்டு, விரலால் விளிம்பைப் பிடித்து மடக்கி இழுக்க வேண்டும். சாதாரண சோப்பும் தண்ணீரும் போதும். இரவில் கழற்றி வைத்தால் தோலுக்கு ஓய்வு.

பிரிட்டனில் 340 பெண்களை வைத்து இதையே ஆராய்ந்து 2023இல் வெளியிட்டிருக்கிறார்கள். தாங்களே பார்த்துக்கொண்டவர்களின் வாழ்க்கைத் தரம், மருத்துவமனைக்குப் போய் மாற்றிக்கொண்டவர்களுக்குக் குறையவில்லை, சிக்கல்களும் குறைவு. எல்லாக் கைக்கும் எட்டாது. மூட்டுவலி உள்ளவர்களுக்குக் கஷ்டம். ஆனால் முடிந்தவர்களுக்குக் கற்றுத்தர வேண்டியது மருத்துவமனையின் கடமை என்று நினைக்கிறேன்.

2024 பிப்ரவரி 11

"அக்கா சொன்னார்கள் என்று நானும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்" என்று ஒரு தங்கை எழுதியிருப்பதைப் பார்த்துத் திடுக்கிட்டேன். அவருக்கு நான்காம் நிலை, சிறுநீர் சரியாக இறங்குவதில்லை, அடிக்கடி தொற்று.

தங்கையே, நாளையே மருத்துவரைப் பாருங்கள். முழுவதும் வெளியே வந்த இறக்கம், சிறுநீரகத்திலிருந்து பைக்கு வரும் குழாயை மடக்கிவிடலாம். சிறுநீர் மேலே தேங்கிச் சிறுநீரகம் வீங்கும். வலியே இல்லாமல் கெடும். ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் செய்தால் தெரிந்துவிடும். வெளியே இருப்பது துணியில் உரசிப் புண்ணாகும். சிறுநீர் அடைபட்டால், புண்ணும் இரத்தமும் இருந்தால், ரிங் எந்த அளவிலும் நிற்காவிட்டால், தொற்று திரும்பத் திரும்ப வந்தால், நான் மேலே எழுதிய எதையும் காரணமாகக் காட்டித் தள்ளிப்போடாதீர்கள். என் வேண்டாம் என் உடம்பைப் பரிசோதித்த பிறகு வந்தது. உங்களுடையதும் அப்படித்தான் வர வேண்டும்.

2024 பிப்ரவரி 12

அவர் போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். சிறுநீரக வீக்கம் தொடக்க நிலையில் இருக்கிறதாம். அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கிவிட்டார். நிம்மதி.

2024 ஏப்ரல் 21

வலை வைப்பதைப் பற்றிக் கேட்டவருக்கு. மெஷ் என்பார்கள். யோனி வழியாக வலை வைத்துத் தாங்கல் கொடுக்கும் முறையில், வலை சுவரை அரித்து வெளியே வருவது, ஓயாத வலி என்று பல நாடுகளில் பெண்கள் பாதிக்கப்பட்டார்கள். அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2011இல் எச்சரித்து, 2019 ஏப்ரலில் இறக்கத்துக்காக யோனி வழி வைக்கும் வலைகளின் விற்பனையையே நிறுத்தச் சொன்னது. பிரிட்டனில் 2018இல் நிறுத்தி வைத்தார்கள். வயிற்று வழியாக வைக்கும் வலை வேறு முறை, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். யாராவது வலை என்றால், எந்த வழியாக, ஏன், எடுக்க வேண்டி வந்தால் யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள்.

தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பது பற்றியும் ஒருவர் எழுதியிருந்தார். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 3.3 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள். ஆந்திராவும் தெலங்கானாவும் முன்வரிசை. 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே இதைக் கண்காணிக்கச் சொல்லி மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்கு நடந்ததை எல்லோரும் படித்திருப்பீர்கள். மாதவிலக்கு வந்தால் கூலி போய்விடும் என்ற பயத்தில் ஓர் உறுப்பை இழக்கிறாள் ஒருத்தி. "இனி அது எதற்கு?" என்ற கேள்வியைக் கேட்டால் எனக்கு அவர்கள் நினைவுதான் வருகிறது.

2024 மே 5

சமையலர் அக்கா அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அவருக்கு மூன்றாம் நிலை, ரிங் எதுவும் நிற்கவில்லை. யோனி வழியாகக் கர்ப்பப்பையை எடுத்து, தாங்கலையும் தைத்திருக்கிறார்கள். ஆறு வாரம் தூக்கவே விடவில்லை. நேற்று மையத்துக்கு வந்தார், முகமே மாறியிருந்தது. "இத்தனை வருடம் ஏன் இருந்தேன்?" என்கிறார். அவருக்கு அது சரி. எனக்கு என்னுடையது சரி. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தோம்.

2024 ஜூன் 16

கேள்வி கேட்டுத் தொடங்கிய தங்கை எழுதியிருக்கிறார். பயிற்சியும் ரிங்கும் பல மாதம் பார்த்தார். ரிங் வைத்தால் இறக்கம் நிற்கிறது, ஆனால் இருமினால் சிறுநீர் கசிகிறது. கழற்றினால் கசிவு இல்லை, இறக்கம் வருகிறது. இனி அறுவை சிகிச்சைக்கே போகலாம் என்று அவரே முடிவெடுத்துவிட்டார். என்னிடம் கேட்பது, மருத்துவரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று.

உங்கள் ரிங் வீணாகவில்லை. இறங்கிய சிறுநீர்ப்பை, சிறுநீர் வெளியேறும் குழாயை மடித்து, கசிவை மறைத்து வைத்திருந்தது. தூக்கி நிறுத்தியதும் வெளிப்பட்டது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் இதே கசிவு வரலாம் என்று இப்போதே தெரிந்துவிட்டது. இதை முதல் வாக்கியமாக மருத்துவரிடம் சொல்லுங்கள். கசிவுக்கும் சேர்த்து ஏதாவது செய்வாரா, பிறகு பார்ப்பாரா என்று கேளுங்கள்.

கர்ப்பப்பையை வைத்துக்கொண்டே சரிசெய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியும் என்பதற்கு நூறு வருடத்துக்கு மேற்பட்ட சரித்திரம் இருக்கிறது. மான்செஸ்டர் அறுவை சிகிச்சை 1888இல் தொடங்கியது. மும்பையின் ஷிரோத்கர், புரந்தரே போன்றவர்கள் இளம்பெண்களுக்காகக் கர்ப்பப்பையைத் தூக்கிக் கட்டும் முறைகளை உருவாக்கினார்கள். உங்களுக்கு அது பொருந்துமா என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. ஆனால் நீங்கள் கேட்காமல் பலர் சொல்லமாட்டார்கள். எடுப்பதென்றால் மேல்பகுதியை எதோடு சேர்த்துக் கட்டுவார், சினைப்பைகளைத் தொடுவாரா, இந்த அறுவை சிகிச்சையை அவர் அடிக்கடி செய்கிறவரா என்றும் கேளுங்கள். திரும்ப இறங்கும் வாய்ப்பைப் பற்றி மழுப்பினால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். பயிற்சியை நிறுத்தாதீர்கள், பிறகும் அந்தத் தசைதான் தாங்க வேண்டும்.

தேதி வாங்குவதற்கு முன்னால் மாமியாரையும் கணவரையும் உட்கார வைத்து, ஆறு வாரத்துக்குத் தண்ணீர் யார் எடுப்பது, கிரைண்டர் கல்லை யார் தூக்குவது, கேஸ் சிலிண்டரை யார் நகர்த்துவது என்று பெயர் சொல்லி முடிவு செய்துகொள்ளுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் தேதியைத் தள்ளி வையுங்கள். உங்கள் நிலையில் அதற்கு நேரம் இருக்கிறது.